கழற்றிப் பார்க்காத வயர்

மருதமுனை
10.11.2024

அன்புள்ள றம்ஸீன் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாலு நாளாக என் போனை நீங்கள் எடுக்கவில்லை. அதனால் இதை எழுதி, படமெடுத்து உங்கள் போனுக்கு அனுப்புகிறேன். உம்மாவோடு மட்டும் தினமும் கதைக்கிறீர்கள். கத்தாரில் சுகமாக இருப்பது உம்மா சொல்லித்தான் தெரியும். அவவின் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது.

றஊப் ஹாஜியாரின் மில்லில் நெல் காயவைக்கும் மெஷினுக்கு நாம் இருவரும் எழுதிய புரோகிராமைப் பற்றித்தான் எழுதுகிறேன். சூட்டை அளக்கும் வயர் அறுந்தால் எண் வராது, உடனே அடுப்பை நிறுத்த வேண்டும். அந்தச் சோதனையை எழுதியவள் நான். புரோகிராமை மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலரை ஓ-2 என்ற நிதானமான மட்டத்தில் வைத்துக் கம்பைல் செய்து, வயரைக் கையால் கழற்றியும் பார்த்தேன். அடுப்பு நின்றது.

பாலமுனை மில்காரர்கள் பார்க்க வருகிறார்கள், பழைய கம்ப்யூட்டரில் திரை இழுபடுகிறது, ஓ-ஃபாஸ்டில் போடு என்றவர் நீங்கள். அந்த மட்டம் வேகத்துக்காக, வருவதெல்லாம் ஒழுங்கான எண்தான் என்று நம்பிவிடும். என் சோதனையைத் தேவையில்லையென்று கம்பைலரே தூக்கி எறிந்துவிட்டது. மறுபடி வயரைக் கழற்றிப் பார்க்காதது என் பிழை. அதை நான் மறைக்கவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் எலி வயரைக் கடித்த அன்று உள்ளே கிடந்தது சொறிக்கல்முனை குணம் அண்ணனின் விதைநெல். மறுநாள் வயரை மாற்றினார்கள். நெல் பார்வைக்கு நன்றாகவே இருந்ததால் யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. போன கிழமை ஊறப்போட்டுச் சாக்கில் கட்டி, மூன்றாம் நாள் அவிழ்த்தால் ஒரு முளைகூட இல்லை. நான் மெஷினின் பதிவைத் திறந்து பார்த்தேன். நாலு மணித்தியாலம் எண்ணே இல்லாமல் அடுப்பு எரிந்திருக்கிறது. அதை உங்களுக்கும் அனுப்பினேன்.

அதைப் பார்த்த பிறகும், மெஷினில் பிழையில்லை, ஊறப்போட்ட ஆள்தான் பிழை விட்டிருக்கும் என்று ஹாஜியாரிடம் சொல்லியிருக்கிறீர்கள். பாலமுனை ஓடர் கிடைக்கும்வரை வாயைத் திறக்காதே என்று எனக்கும் வொய்ஸ் அனுப்பினீர்கள். ஊறப்போட்டது அண்ணனின் மனைவி அன்னப்பிள்ளை அக்கா. அண்ணன் அவவோடு கதைப்பதில்லை. நேற்று அவ என்னிடம் வந்து, இருவது வருஷமா நான்தானே மகள் ஊறப்போடுறன், இந்த முற என்ன பிழ விட்டனெண்டு விளங்குதில்ல என்று அழுதா. நான் பதிவில் கண்டதைச் சொல்லாமல் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அப்போதிருந்து என்னை எனக்கே பிடிக்கவில்லை.

ஓ-2வில் திரும்பக் கம்பைல் செய்து, வயரையும் கழற்றிப் பார்த்துவிட்டேன். பத்து நிமிட வேலை. மிச்ச வேலை உங்களுடையது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன் குணம் அண்ணனுக்குப் போன் எடுங்கள். எடுக்காவிட்டால் நானே போய் நம் இருவர் பெயரையும் சொல்வேன். அதன் பிறகு ஓடரும் இல்லை, உம்மா உங்களைப் பற்றிப் பெருமையாகக் கதைக்கவும் ஒன்றும் இல்லை.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். அன்னப்பிள்ளை அக்காவின் கையில் பிழையில்லை என்று சொல்ல ஒரு வாயையும் தரட்டும்.

வஸ்ஸலாம்.
தங்கச்சி,
இன்ஷிரா