மாற்று ஆள் வரும்வரை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் தம்பியும் சுகமாக இருக்கிறோம். நீயும் சுகம் என்றுதான் போனில் சொல்கிறாய், ஆனால் பிறந்ததிலிருந்து உன் குரலைக் கேட்கிறவள் நான், அதனால் நம்பாமல் எழுதிக் கேட்கிறேன். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் “சரிம்மா, சரிம்மா” என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார், முழுக்கப் படித்துத்தான் ஆக வேண்டும்.

முதலில் வீட்டு விஷயம். தம்பிக்குக் கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்துவிட்டது, வேலைக்குச் சேர்ந்த அன்றே எங்கள் எல்லோர் கண்ணையும் சோதித்து எனக்கு ஊசியில் நூல் கோக்கப் பார்வை போதாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான். பள்ளிக்கூடம் திறக்கப் போகிற சமயம், சீருடை தைத்துத் தைத்துக் கழுத்து பிடித்துக்கொண்டது, மற்றபடி தொந்தரவில்லை. அப்பா கப்பல் வேலையை விட்டு இத்தனை வருஷமாகியும் பழக்கத்தை விடவில்லை. படுக்கும் முன் “கதவு பூட்டியாச்சு, கேஸ் மூடியாச்சு” என்று அறிவிப்பார், நான் “சரி, நான் பாத்துக்கிறேன்” என்று சொன்னால்தான் படுப்பார். கப்பலில் ஒருவன் காவல் முடிந்து போக வேண்டுமானால் அடுத்தவன் வந்து வாயால் ஏற்றுக்கொள்ள வேண்டுமாம், அதுவரை நகரக் கூடாதாம். பாதித் தூக்கத்தில் என்னை எழுப்பியாவது அந்தப் பதிலை வாங்கிவிட்டுத்தான் இவர் குறட்டை விடுவார். அத்தை வந்திருந்தாள். “வக்கீல்னா கேஸ் வேணுமே, இவ யாருக்கு வாதாடுறா” என்று உன் படிப்பைப் பற்றிக் கேட்டாள். நாட்டுக்கும் நாட்டுக்கும் நடுவில் இருக்கிற சட்டம் என்று விளக்கினேன். “புருஷன் பொண்டாட்டி சண்டையையே விலக்க ஆளில்ல, இவ ரெண்டு நாட்ட விலக்கப் போறாளாக்கும்” என்று சிரித்தாள். நானும் கூடவே சிரித்துவிட்டேன், அவள் போன பிறகுதான் கோபம் வந்தது. எனக்குக் கோபம் எப்போதும் அடுத்த பஸ்ஸில்தான் வரும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆராய்ச்சித் தலைப்பையே மாற்றப் போகிறேன், முடியாவிட்டால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடுகிறேன், அப்பாவிடம் மட்டும் சொல்லாதே என்று போன வாரம் அழாத குறையாகச் சொன்னாயே, அப்பாவிடம் சொல்லிவிட்டேன். திட்டாதே. என் வாய் ஓட்டை வாய் என்று தெரிந்தும் என்னிடம் சொன்னது உன் தப்பு.

நீ சொன்னதை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று எழுதுகிறேன், பார். அப்பா வேலை பார்த்த சரக்குக் கப்பலை வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் அம்போ என்று விட்டுவிட்டு முதலாளி காணாமல் போனான். மற்றவர்கள் ஒவ்வொருவராக ஊர் திரும்பினார்கள். கடைசியில் சமையல்காரரும் உடம்புக்கு முடியாமல் இறங்கிவிட, ஆளில்லாமல் கப்பல் நிற்கக் கூடாது என்று சொல்லி அந்தத் துறைமுக அதிகாரி அப்பாவை மட்டும் இறங்க விடவில்லை. ஒரு மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலம் வரும்வரை தன்னந்தனியாக அந்த இரும்புக்குள் இருந்தார். பெரியவளானதும் அந்த அதிகாரியைக் கோர்ட்டில் நிறுத்துவேன் என்று, ஏழாம் வகுப்பில் இருந்த நீ எல்லோர் முன்னாலும் சொன்னாய். அதற்காகவே சட்டம் படித்தாய், அதற்காகவே சர்வதேசச் சட்டம் என்று அவ்வளவு தூரம் போனாய். இப்போது ஆராய்ந்து பார்த்தால் அந்த அதிகாரி செய்தது சட்டப்படி சரி என்று வருகிறது. கப்பல் எந்த நாட்டுக் கொடியோடு ஓடியதோ அந்த நாடுதான் அதில் இருந்த ஆட்களைக் கவனித்திருக்க வேண்டும், அவர்களோ துறைமுகம் எத்தனை தடவை கேட்டும் பதிலே சொல்லவில்லை. கண்டதை அப்படியே எழுது என்கிறார் உன் பேராசிரியர். அப்பாவைப் பிடித்து வைத்தவன் பக்கம்தான் நியாயம் என்று என் கையால் எப்படி எழுதுவேன் என்று நீ கேட்கிறாய். இதுதானே?

நான் சொன்னபோது அப்பா மாடி வீட்டுக்காரரின் தண்ணீர் மோட்டாரைக் கழற்றிப் பழைய பேப்பரில் பரப்பி வைத்திருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை நிமிரவே இல்லை. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, “அந்தாளு என்ன பண்ணுவான், அவன் சொன்னது சரிதானே” என்றாரே பார்க்கணும். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த அதிகாரி அடிக்கடி சின்னப் படகில் வந்து, கப்பலுக்குக் கீழே நின்று, எப்படி இருக்கிறாய் என்று சைகையில் கேட்பாராம். இவர் முகத்தைத் திருப்பிக்கொள்வாராம். ஒரு நாள் விடியற்காலைப் புயலில் நங்கூரம் பிடி விட்டு, மீன்பிடிப் படகுகள் கட்டியிருந்த பக்கமாகக் கப்பல் நகர ஆரம்பித்ததாம். படகுகளில் ஆட்கள் படுத்திருந்தார்களாம். இவர் ஒற்றை ஆளாக ஓடிப்போய் இரண்டாவது நங்கூரத்தை இறக்கி நிறுத்தியிருக்கிறார். “நான் மட்டும் இறங்கி வந்திருந்தா அவங்க யாரும் மிஞ்சியிருக்க மாட்டாங்க” என்றார். அதற்கு அடுத்த முறை அதிகாரி வந்தபோது முதல் தடவையாக இவரும் கையைத் தூக்கிக் காட்டினாராம். இத்தனை வருஷம் குடும்பம் நடத்துகிறேன், இதில் ஒரு வார்த்தை எனக்குத் தெரியாது.

ஏன் சொல்லவில்லை என்று பிடித்து உலுக்காத குறையாகக் கேட்டேன். “அவ அந்தக் கோபத்துலதான் படிச்சிட்டிருந்தா. நடுவுல போயி அந்தாளு நல்லவன்னு சொன்னா புஸ்தகத்த மூடி வெச்சிருவாளோன்னு பயமா இருந்துச்சு” என்கிறார். அப்பா மனசு நோகும் என்று நீ மறைக்க, உன் படிப்பு நின்றுவிடும் என்று அவர் மறைக்க, நல்ல வேளை இந்த வீட்டில் ஒரு ஓட்டை வாய் இருந்தது. நீ அவரிடம் என்ன கேட்க வேண்டுமோ கேட்கலாமாம், ஆனால் ஆராய்ச்சிக்காரியாகக் கேட்க வேண்டுமாம், மகளாகக் கேட்டால் பாதியை மறைத்துவிடுவாராம்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், அந்த அதிகாரியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. சட்டமும் சரி என்று சொல்லட்டும், அப்பாவும் சரி என்று சொல்லட்டும். நீ காய்ச்சலில் அப்பா அப்பா என்று பிதற்றியபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தது சட்டம் இல்லை, நான். காவலுக்கு ஆள் வைத்தது சரி என்றால் மாற்று ஆள் அனுப்ப வேண்டியவன் எங்கே போனான்? தலைப்பை மாற்றிக்கொண்டு நீ ஓடி வந்தால் பதில் சொல்லாத அந்தக் கொடிக்கார நாட்டுக்குத்தான் கொண்டாட்டம். அதிகாரி பக்கம் இருக்கிற நியாயத்தையும் எழுது, இதையும் எழுது. கோபத்தை என்னிடம் விட்டுவிடு, அது என் பங்கு, பத்திரமாக வைத்துக்கொள்கிறேன்.

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. அப்பா அங்கே மாட்டிக்கொண்டிருந்த நாட்களில், படுக்கும்போது வாய்ப்பழக்கத்தில் நானே “கதவு பூட்டியாச்சு, கேஸ் மூடியாச்சு” என்று சொல்லிவிட்டு, பதில் சொல்ல ஆளில்லையே என்று இருட்டில் நிற்பேன். போர்வைக்குள்ளிருந்து உன் குரல் வரும், “சரி, நான் பாத்துக்கிறேன்” என்று. அதைக் கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். அப்பா திரும்பி வந்த சந்தோஷத்தில் உன்னை அந்தக் காவலிலிருந்து இறக்க எங்களுக்குத் தோன்றவே இல்லை கண்ணு. நீ இன்னும் அங்கேயே நிற்கிறாய் என்று போன வாரம்தான் எனக்குத் தெரிந்தது. அதை நினைத்து அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஈரத் தலையோடு குளிரில் வெளியே போகாதே. நூலகத்தில் ஒரே இருப்பாக உட்காராமல் நடுநடுவே எழுந்து நட. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய், அப்பா இப்போதே சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்திருக்கிறார். குரலுக்கு எதற்கு இஸ்திரி என்று கேட்டால் முறைக்கிறார். எங்கள் இரண்டு பேர் ஆயுசும் உனக்குச் சேர்ந்து, நீ நினைத்ததை எழுதி முடித்து, நிம்மதியாகத் தூங்கி எழ வேண்டும், வேறு என்ன வேண்டும் எனக்கு.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா

கடைசியில் ஒரு வரி தானும் எழுதணும் என்று அப்பா பேனாவைப் பிடுங்குகிறார்.

சரி, இனிமே நான் பாத்துக்கிறேன்.
அப்பா