தூண்டில் முள்ளுக்கு எண்ணெய்

மகள் நகத்துக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டிருக்கிறாள். அந்த வாடை வந்ததுமே என் கண் உங்கள் மூலைக்குத்தான் போகிறது. சன்னலோரம் கால் நீட்டி உட்கார்ந்து, தூண்டிலில் மாட்டும் சாயம் உரிந்த பிளாஸ்டிக் மீனுக்கு என் சிவப்புப் பாலீஷால் செவுள் தீட்டிக்கொண்டிருப்பீர்கள். நான் கத்தினால், "உன்ன பாத்து நான் மயங்கி வுயுந்தது போதும். இத்த பாத்து கொடுவா மீன் வுய வேணாவா?" என்பீர்கள். கோபம் எங்கே நிற்கும்?

எண்ணூர் முகத்துவாரத்துக்குத் தூண்டில் போடப் போய் வந்தால், மீன் இருக்கிறதோ இல்லையோ, வேலை இருக்கும். கல்லில் மோதி உடைந்த பொம்மை மீனுக்குப் பசை, மழுங்கிய முள்ளுக்கு அரம், துருவுக்கு உப்புத்தாள், கடைசியில் தையல் மெஷின் எண்ணெய். அதற்கெல்லாம் முன்னால் கழுவ வேண்டுமே! நம் திருவொற்றியூர் வீட்டு போர் பைப்பில் வருவதோ உப்புத் தண்ணீர். தண்ணீர் லாரிக்காக வரிசையில் நின்று, இடுப்பொடிய நான் கொண்டுவந்த குடத்தில் கை வைப்பீர்கள். "உப்புல நனைஞ்சத உப்புலயே கய்வுனா இன்னா பிரயோஜனம்?" நியாயம்தான். அதற்காகக் குடிக்கிற தண்ணீரையா? அந்தச் சண்டைக்கு இப்போது ஏங்குகிறேன்.

நீங்கள் போன பிறகு உங்கள் தூண்டில் பெட்டியை நான் திறக்கவில்லை, யாரையும் தொடவும் விடவில்லை. போன மாதம் உங்கள் தோஸ்து காசிம் பாய் வந்து, தயங்கித் தயங்கிக் கேட்டார். "அண்ணி, கடல் காத்துல சும்மா கெடந்தா துரு துன்னுடும். நான் எட்துகினு போவட்டா?"

அப்புறம் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். உங்களையே தூக்கிக் கொடுக்கச் சொன்னது போல இருந்தது.

மறுநாள் திறந்து பார்த்தேன். முட்கள் ஒன்றோடொன்று துருவேறி ஒட்டிக் கிடந்தன. பத்திரமாக வைத்திருப்பதாக நினைத்துப் பாழாக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். சரி, கொடுத்துவிடலாம். ஆனால் இந்தக் கோலத்திலா கொடுப்பது? உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உங்கள் மூலையிலேயே உட்கார்ந்தேன்.

தேய்க்கும்போது ஒரு முள் கட்டைவிரலில் இறங்கிவிட்டது. மகள் பதறிப்போய்ப் பிடித்து இழுக்க வந்தாள். "இழுக்காத! இழுத்தா முள்ளு முனையில கீற பல்லு சதைய கிழிச்சிடும். முன்னால தள்ளு, பல்ல வெட்டு, அப்பால எடு" என்று அதட்டினேன். உங்கள் கையில் குத்தியபோதெல்லாம் என்னை நீங்கள் அதட்டியது அது. முனையை மறுபக்கம் தள்ளி, குறட்டால் வெட்டி எடுத்தோம். அதன் பிறகு நான் அழுத அழுகை, உங்களைத் தூக்கிக்கொண்டு போன அன்று கூட அழாதது.

போன ஞாயிறு காசிம் பாய் வந்தார். எண்ணெய் போட்ட முட்களைக் குனிந்து தடவிப் பார்த்தார்.

"பாத்து பாய். குத்திச்சினா இழுக்காதீங்க, முன்னால தள்ளுங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னையே பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "அவன் கொரலு அப்டியே கீது, அண்ணி" என்றார்.

பெட்டியோடு நீங்களும் போய்விடுவீர்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். என் வாயில் குடியிருந்துகொண்டு எங்கே போவீர்கள்?