மாமன் தாடியும் மலைச் சாம்பலும்

மாட்டுப்பிட் தீவு,
ஞாயிறு, திருப்பலி முடிந்து வந்து எழுதுவது

அன்பு மகள் கொன்சிலியாவுக்கு,

மாதாவின் தயவில் இங்கே எல்லோரும் இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் கடிதத்தில் பொய் எழுதக் கூடாது என்று மடத்துப் பள்ளியில் கையில் அடித்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், ஆகவே இருக்கிறோம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். கடல் தாண்டி டவுன்ஸ்வில்லில் நீயும் மாப்பிள்ளையும் சுகம் என்று நம்புகிறேன். உன் கடிதமும் பெட்டியும் வந்து சேர்ந்தன. நர்ஸ் வேலைக்குப் போன பிறகு உன் கையெழுத்து கோழி கிளறிய குப்பை போல ஆகிவிட்டது. ஒரு பக்கம் படிப்பதற்குள் மூக்குக் கண்ணாடியை இரண்டு முறை துடைத்தேன், அதன் பிறகுதான் குற்றத்தில் பாதி உன்னுடையது, பாதி கண்ணாடியில் படிந்த சாம்பலுடையது என்று தெரிந்தது.

இந்த வருஷம் தென்கிழக்குக் காற்று சீக்கிரமே பிடித்துக்கொண்டது. எரிமலை பகலெல்லாம் தும்முகிறது, காற்று அதை அப்படியே நம் கூரை மேல் கொண்டுவந்து கொட்டுகிறது. சாம்பல் புதனைத் திருச்சபை வருஷத்துக்கு ஒரு நாளாகத்தான் வைத்தது, நமக்கு மட்டும் ஆறு மாதம். உலர்த்திய துணியில் சாம்பல், வெந்த கிழங்கில் சாம்பல், ஜெபமாலையை எடுத்தால் விரலில் சாம்பல். அடுப்புச் சாம்பல் என்று நினைத்துக் கண்ணைக் கசக்கினால் கண்ணாடித் தூள் போல அறுக்கிறது, நான் கசக்குவதில்லை, தண்ணீர் விட்டுக் கழுவுகிறேன். கூரையிலிருந்து தொட்டிக்கு வரும் குழாயைக் காற்று திரும்பிய அன்றே கழற்றிவைத்துவிட்டேன். பக்கத்து வீட்டு லிடியா கழற்றவில்லை, முதல் தூறலுக்கே அவள் தொட்டித் தண்ணீர் புளித்துப்போய் இப்போது என்னிடம் வாளியோடு வந்து நிற்கிறாள். வந்தவள் சும்மாவும் வருவதில்லை. நான் வாசலில் தண்ணீர் தெளித்துச் சாம்பலை அடக்கிவிட்டுக் கூட்டுவதைப் பார்த்து, கத்தோலிக்க அக்காவுக்குச் சாம்பலுக்குக்கூடத் தீர்த்தம் தெளிக்கணும் என்று சிரிக்கிறாள். அவள் விடியற்காலையில் ஈர்க்குமாற்றை எடுத்து வறட்டு வறட்டு என்று கூட்டுவதில் எழும்புகிற புகை மலைப் புகையைவிட அதிகம். வாசல் கண்ணாடியாக இருக்கிறது, மார்பு இரைகிறது. சொன்னால் கேட்க வேண்டுமே.

லிடியா போகட்டும், அவள் மெதடிஸ்ட். என் உடன்பிறந்தவனுக்கு என்ன வந்தது என்று கேள். நீ அனுப்பிய பெட்டியை ஹெர்மன் மாமனிடம் கொடுத்து, கொன்சிலியா உனக்காகத்தான் காசு கொடுத்து வாங்கி அனுப்பியிருக்கிறாள், வெளியே போகும்போது மூக்கும் வாயும் மூடப் போட்டுக்கொள் என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் போனான். வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போகிறேன், பஸ்ஸில் மாமன் மடியில் கூடை. கூடைக்குள் நீ அனுப்பிய வெள்ளைக் கிண்ண முகமூடிகள் வரிசையாக மல்லாந்திருக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு காட்டுக்கோழி முட்டை. அவன் பெருமையாக, “அக்கா, அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு பாரு. இவ்வளவு குலுக்கல்ல ஒண்ணுகூட உடையல. கொன்சிலியா மாமன் தொழில் தெரிஞ்ச பொண்ணு” என்றான். பஸ் முழுவதும் சிரித்தது. சந்தையில் முட்டையை முகமூடியோடு சேர்த்தே விற்றுவிட்டான்.

தொழில் என்றால் என்ன தொழில் என்று உனக்குத் தெரியும். மலையடிக்குப் படகில் போய், சூட்டு மணலில் ஆள் ஆழத்துக்குக் குழி தோண்டி, தலைகீழாக அதற்குள் படுத்து, காட்டுக்கோழி புதைத்துவிட்டுப் போன முட்டையைத் துழாவுவது. மற்றவர்கள் மேலே இருந்து விழுகிற சாம்பலைச் சுவாசிக்கிறார்கள் என்றால் இவன் அதைத் தேடிப் போய்க் குழிக்குள் முகத்தை வைத்துச் சுவாசிக்கிறான். போன மாதம் பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்திப் பிடித்த நேரத்தில் இருமத் தொடங்கினான், நிற்கவில்லை. சாமியார் உயர்த்திய கையோடு காத்திருந்தார். எனக்கு அவமானமாகவும் இருந்தது, அதைவிட அதிகமாகப் பயமாகவும் இருந்தது. மறுநாளே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மலைநாட்டிலிருந்து வந்த சின்ன வயது டாக்டரம்மா, கெட்டிக்காரி, மார்புப் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினாள். இது சளி இல்லை, கண்ணுக்குத் தெரியாத தூள் அடிவரைக்கும் போய் உட்கார்ந்திருக்கிறது, உட்கார்ந்த இடமெல்லாம் தழும்பாகி இறுகுகிறது, இறுகியது இறுகியதுதான், இனி மேலும் போகாமல் பார்த்துக்கொண்டால் இருப்பதை வைத்து இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம் என்றாள். முட்டைக் குழிக்குப் போகக் கூடாது, முகமூடி போட வேண்டும், முகமூடி முகத்தோடு ஒட்ட வேண்டும் என்றால் தாடியை எடுக்க வேண்டும். அதுவரை முகமூடி போட்டால் வெற்றிலை எச்சிலை எங்கே துப்புவது, காது வழியாகவா என்று கேலி பேசிக்கொண்டிருந்தவன் தாடி என்றதும் எழுந்து நின்றுவிட்டான். “டாக்டரம்மா, நுரையீரல் என்னுது. தாடி என் மச்சானுது” என்றான். பாவம் அந்தப் பெண்ணுக்கு நம் வழக்கம் தெரியாது, என்னைப் பார்த்தாள். உன் அப்பா இறந்த அன்று விட்ட தாடி, துக்கத்தை முடிக்கிற கடைசி விருந்து வைத்து அப்பாவின் வழியினர் மழித்துவிட்டால்தான் எடுக்கலாம்.

இப்போது உன்னிடம் வருகிறேன், நன்றாக உட்கார்ந்து படி. அந்த விருந்து யாருக்காகக் காத்திருந்தது? ஈஸ்டருக்கு வருகிறேன் என்றாய், வீடு மாற்றுகிறோம் என்று எழுதினாய். பரலோக மாதா திருநாளுக்கு என்றாய், லீவு கிடைக்கவில்லை. பிறகு ஏதோ பரீட்சை. நான் ஒன்றும் சொல்லவில்லை, பிள்ளைகளைத் தொல்லை செய்கிற தாய்மார்களை எனக்குப் பிடிக்காது. ஆனால் தாடியை எடுக்கச் சொல் என்று மூன்று கடிதத்திலும் அடிக்கோடிட்டு எழுதுகிற நர்ஸம்மாவுக்கு, அந்தத் தாடி தன் வருகைக்காகத்தான் வளர்கிறது என்று ஒரு முறையாவது தோன்ற வேண்டாமா? நீ அனுப்பியதில் ஒரு முகமூடியை மாமன் முகத்தில் மாட்டிப் பார்த்தேன். தாடி வழியாகக் காற்று தாராளமாகப் போய் வருகிறது, கழற்றினால் உள்பக்கமும் சாம்பல். முட்டைக்காவது உதவியது.

ஆகவே நானே முடிவு செய்தேன். நேற்று விருந்தை வைத்துவிட்டேன். இவன் கடைசிவரை மல்லுக்கு நின்றான். “கொன்சிலியா இல்லாம மச்சானுக்கு விருந்தா? அந்தப் பொண்ணு மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?” என்றான். “முழிக்கிறதுக்கு நீ உசுரோட இருக்கணும் ஹெர்மன்” என்றேன். ஒரே பன்றிதான், பருத்த வாழைக்காய், தேங்காய்ப்பால் விட்டுச் சுட்ட கல்லில் வேகவைத்த கீரை, எல்லாவற்றையும் சாம்பல் விழாமல் இரட்டை இலை போட்டு மூடிவைத்தோம். கொடியில் கோத்த சிப்பிப் பணத்தை அளந்து அறுத்து வந்தவர்களுக்கு முறைப்படி கொடுத்தோம், குறை சொல்ல ஆள் இல்லை. பிறகு அப்பாவின் தங்கை மகன் கிளேட்டஸ் கத்தியும் சோப்பும் எடுத்து வந்தான். மாமனை வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, தாடியை முதலில் மூன்று தண்ணீரில் அலசினோம், மூன்றும் சேற்றுத் தண்ணீர். கிளேட்டஸ் நிதானமாக மழித்தான். இளைஞர்கள் கேலி பேசிக்கொண்டிருந்தார்கள், உள்ளே இன்னும் முட்டை இருக்கும், பார்த்து எடு என்று ஒருவன் சொன்னான்.

பாதிக்கு மேல் கேலி நின்றுவிட்டது. கொன்சிலியா, தாடிக்குள் அவன் இவ்வளவு இளைத்துப்போயிருந்தது ஊரில் யாருக்கும் தெரியவில்லை. தினமும் பார்க்கிற எனக்கே தெரியவில்லை. கன்னம் இரண்டும் உள்ளே போய், தாடை எலும்பு கூரையின் வளை போலத் தெரிந்தது. எல்லாவற்றுக்கும் ஒரு சொல் வைத்திருக்கிற லிடியா சமையலறைக்குள் போய்விட்டாள். கிளேட்டஸ் கத்தியைத் துடைத்துக்கொண்டே இருந்தான். மாமன் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “ஏன் எல்லாரும் இப்படிப் பாக்கறீங்க? அவ்வளவு அழகாயிட்டேனா?” என்றான். விற்காமல் மிச்சமிருந்த ஒரே முகமூடியை எடுத்து வந்து நானே மாட்டினேன். தலைப் பட்டையை இழுத்து முடிந்தும் நிற்கவில்லை. இரண்டு பக்கமும் என் விரல் நுழைகிறது.

விருந்தை நீ இல்லாமல் வைத்ததற்காகக் கோபப்படாதே, கோபப்படுவதானால் நேரில் வந்து படு. உன் பங்கு சிப்பிப் பணத்தைச் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன். முட்டைக் குழிக்குப் போவதில்லை என்று எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்திருக்கிறான், இருந்தாலும் நீ போன் செய்து ஒரு முறை அதட்டு, மருமகள் சொன்னால் கேட்பான். இருமலைப் பற்றிக் கேட்காதே, பொய் சொல்வான், பேசும்போது மூச்சு எங்கே நிற்கிறது என்று கவனி. நேரத்துக்குச் சாப்பிடு, ஞாயிறு பூசையை விடாதே, கையெழுத்தைத் திருத்து.

சிறிய அளவு முகமூடி அனுப்பு. கடைக்காரன் அது பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் என்று சொல்வான், பரவாயில்லை, அதையே வாங்கு. தபாலில் போடாதே, கையில் கொண்டு வா, காற்று திரும்பட்டும் என்று இருக்காதே. முட்டைக்குப் பழைய அளவுதான் சரி, மறக்காமல் எழுது என்று மாமன் பக்கத்தில் நின்று சொல்கிறான். எழுதிவிட்டேன். இந்த ஒரு வரியைச் சொல்வதற்குள் இரண்டு முறை நின்றான்.

ஆண்டவர் உன்னையும் மாப்பிள்ளையையும் தம் நிழலில் வைத்துக் காக்கட்டும்.

உன் அம்மா,
ஒட்டிலியா