மூடி போட்ட கேன்

ஜூன் 4, புதன்

காலையில் பிரிண்டிங் மிஷின் ஹெட் அடைத்துக்கொண்டு ஒரு பிளெக்ஸ் முழுக்க நீலக்கோடு. கழுவித் துடைத்து மறுபடி அடித்து முடிக்க நாலு மணி. கடையை இழுத்துப் பூட்டிவிட்டு நெடுங்குளத்துக்கு ஓடினேன். புதன்கிழமைப் பாய்மரப் படகுப் போட்டியில் இன்றுதான் நானும் முதன்முதலாக ஓட்டினேன்.

இந்தக் கூத்துக்கு இரண்டு வருடமாகப் பாய் கொடுப்பது நான்தான். என் கடையில் தப்பும் தவறுமாக அடித்து வீணாகிற பிளெக்ஸ்தான் பாய். குற்றாலத்தில் சாரல் அடிக்கிற மூன்று மாதமும் மேல்காற்று இங்கே வந்து குளத்தைக் கலக்கும். வாரம் ஒரு சாயங்காலம், மூன்று படகு. இந்த வருடம் பிளைவுட் கடை பிரின்ஸ் நாலாவதாக ஒன்று செய்து என்னைக் கூப்பிட்டான். கேட்டது ஒரே கேள்வி.

"நீச்சல் தெரியும்லா?"

"ஆத்துத் தண்ணியில கெடந்து வளந்தவன்ட்ட கேக்க கேள்வியாலே இது?"

நாக்கு கூசவே இல்லை. சிற்றாற்றில் முழங்காலுக்கு மேல் நான் இறங்கியது கிடையாது. அதனால் அஞ்சு லிட்டர் எண்ணெய்க் கேன் ஒன்றை இறுக்கி மூடி, மூடியைச் சுற்றி எம்-சீல் வைத்து, உட்காரும் பலகைக்கு அடியில் கட்டிவிட்டேன். யாராவது கேட்டால், உள்ளே வருகிற தண்ணீரைக் கோரி ஊற்றுவதற்கு. ஒருவரும் கேட்கவில்லை.

கடைசியாகத்தான் வந்தேன். ஆனால் கரையேறியதும் சிரிப்பு அடங்கவில்லை. நிவேதாவிடம் வேடிக்கை பார்க்கப் போனதாகச் சொல்லியிருக்கிறேன். கட்டினவளுக்குத் தெரியாதா என் நீச்சல் லட்சணம்.

ஜூன் 11, புதன்

உலகம்மைக்கா ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கடைக்கு எதிரில் விதைக்கடை வைத்திருப்பவள்தான். தினமும் பார்க்கிற ஆள். தண்ணீரில் வேறு ஆளாகிவிடுகிறாள். நானும் பிரின்ஸும் பாய்க்கயிற்றோடு மல்லுக்கட்டுகிறோம். அவள் இரண்டு விரலில் பிடித்திருக்கிறாள், வெண்டை விதையைக் கிள்ளி எடுத்துப் பார்க்கிற அதே பிடி.

"தண்ணி அங்கன கறுக்கு பாரு. காத்து வருது" என்றாள். எனக்கு எல்லாத் தண்ணீரும் ஒரே நிறமாகத்தான் தெரிந்தது. பத்து எண்ணுவதற்குள் காற்று வந்து கன்னத்தில் அறைந்தது. எப்படித்தான் கண்டுபிடிக்கிறாளோ.

அவள் பாய்க்கு ஒரு கதை உண்டு. ஆலங்குளத்துக்காரர் ஒருவருக்கு அடித்த கண்ணீர் அஞ்சலி. செத்துப்போன அண்ணன் படத்துக்குப் பதில் உயிரோடு இருக்கிற தம்பி படத்தைப் போட்டுத் தொலைத்துவிட்டேன். வாங்க வந்ததும் அந்தத் தம்பிதான். அன்றைக்கு நான் வாங்கிய ஏச்சுக்குக் கணக்கில்லை. படத்தை வெட்டி எறிந்ததுபோக 'கண்ணீர்' மட்டும் அவள் படகில் பறக்கிறது. என்னுடையது 'காதணி விலா'. என் கடையில் தட்டச்சு செய்கிற மங்களேஸ்வரிக்கு எந்த ழ-வும் ல-தான்.

போன இரண்டு வருடமும் அக்காதான் முதல். இந்த வருடம் என்னவோ மந்தம், இரண்டு வாரமும் மூன்றாவது. முதலாவது அய்யாத்துரை சார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், குளத்தில் புள்ளி எழுதுகிறவரும் அவரே. முதல் ஆளுக்கு நாலு, கடைசிக்கு ஒன்று. அந்த ஒன்று எனக்கு.

ஜூன் 18, புதன்

உலகம்மைக்கா இன்று ஆறு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தாள். எண்ணினேன். முன்னால் போகிறவள் முன்னால் பார்த்துப் போக வேண்டியதுதானே? 'இவன்லாம் ஒரு ஆளு' என்கிற பார்வைதான் அது, வேறென்ன.

ஜூன் 26, வியாழன்

பிரின்ஸ் கொச்சியிலிருந்து ஒரு பாய் கொண்டுவந்திருக்கிறான். நிஜப் பாய். அங்கே ஒரு கிளப்பில் பழசு என்று கழித்ததாம். வெள்ளை வெளேரென்று, தொட்டால் மொறமொறவென்று. ஆகஸ்ட் கடைசி வரைக்கும் யாருக்குப் புள்ளி அதிகமோ அவருக்கு இது.

எல்லோரும் தொட்டுப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனோம். உலகம்மைக்கா மட்டும் வரவில்லை. திரும்பி வந்தபோது பாயை மடியில் விரித்து ஒவ்வொரு தையலாகத் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஆசையா இருக்குலே. ஒரு தடவையாவது நெசப் பாயில ஓட்டணும்."

வாய்விட்டு ஆசை என்று அவள் எதையும் சொல்லி நான் கேட்டதில்லை. இன்னும் ஒன்பது வாரம் இருக்கிறது. அவள் மனசு வைத்தால் சார் எல்லாம் எந்த மூலைக்கு.

ஜூலை 9, புதன்

நான் மூன்றாவது. அக்கா நாலாவது. இரண்டு வருட சாம்பியனை முந்திவிட்டேன்!

"என்னக்கா, பாய் பஞ்சரா?" என்று பிரின்ஸ் கேட்டான். சிரித்துக்கொண்டே தலைமுடியைப் பிழிந்தாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நம் கை தேறிவிட்டதை மறைக்க முடியுமா?

ஒன்று மட்டும் விளங்கவில்லை. குளத்து நடுவில்தான் காற்று. போன வருடமெல்லாம் அவள் நேரே நடுவுக்குப் போவாள், கரையிலிருந்து பார்த்திருக்கிறேன். இப்போது நான் கரையோரமாக ஊர்ந்தால் அவளும் கூடவே, எனக்கும் ஆழத்துக்கும் நடுவில். என் வழியைக் காப்பியடிக்கிறாளோ?

ஜூலை 16, புதன்

மறுபடி மூன்றாவது. ஏன் இப்படிச் சிரிச்சிக்கிட்டே தோசை திங்கீங்க என்று நிவேதா கேட்டாள்.

ஜூலை 23, புதன்

இன்றே எழுதிவிட வேண்டும்.

திமிர்தான். வேறு ஒன்றும் இல்லை. இரண்டு வாரம் மூன்றாவதாக வந்த திமிரில் இன்று கரையை விட்டு நடுவுக்குப் போனேன். பின்னாலிருந்து அக்கா கத்தினாள், "அங்கன போவாதலே, தண்ணி கறுக்கு." பொறாமையில் சொல்கிறாள் என்று நினைத்தேன். ஐயோ, பொறாமை என்று நினைத்தேன்.

ஆடிக்காற்று. ஒரே அடி. படகு புரண்டது. கேனைப் பிடித்தேன் — கட்டியிருக்கேனே, நான்தானே இறுக்கிக் கட்டினேன், பலகையை விட்டு வரமாட்டேங்குது. தலைக்கு மேலே பிளெக்ஸ். மஞ்சள் வெளிச்சத்தில் 'விலா' என்று தலைகீழாகத் தெரிந்தது. இந்தப் பிழையைப் பார்த்துக்கொண்டேதான் சாகப்போகிறேன் என்று நினைத்தேன்.

சட்டைக் காலரில் ஒரு கை. உலகம்மைக்கா. பாயை அவிழ்த்து விட்டுவிட்டு, படகையும் விட்டுவிட்டுக் குதித்திருக்கிறாள்.

"மல்லாந்து கெட. கைய ஆட்டாத. நான் புடிச்சிருக்கேன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். கரையில் மற்றவர்களிடம், "கால்ல கயிறு சிக்கிட்டு, வேற ஒண்ணுமில்ல" என்றாள். அவர்கள் என் படகை இழுக்கப் போனபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"தண்ணி கோருத கேனுக்கு எதுக்குலே மூடி?"

ஜூலை 24, வியாழன்

இரவு தூக்கமில்லை. வாரம் வாரமாக யோசித்துப் பார்த்தேன். ஆறு தடவை திரும்பியது, என்னையும் ஆழத்தையும் பிரித்துக்கொண்டு வந்தது, மூன்றாவது, நாலாவது — எல்லாம் முதல் நாளே அந்த மூடியைப் பார்த்ததால். நான் அவளை முந்தியதாக இங்கே எழுதி வைத்திருக்கிறேன். வெட்கக்கேடு. அந்தப் பக்கத்தைக் கிழிக்கப் போனேன். இருந்து குத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடை திறந்ததும் எதிரே போனேன். அக்கா மக்காச்சோள விதை மூட்டை பிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க்கா பிரின்ஸ்ட்ட சொல்லல?"

"சொன்னா ஒன்ன எறக்கி விட்டுருவான்."

"விடட்டுமே."

"மொத நாளு கரையேறிச் சிரிச்சியே, ஞாவகம் இருக்கா? இத்தன வருசம் எதுத்த கடையில இருக்கேன், நீ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்லலே. அதப் போயி எப்படிக் கெடுக்க?"

"ஒங்களுக்குக் கொச்சிப் பாயி போச்சேக்கா."

"ஆமா, போச்சு" என்றாள். பிறகு, "அந்த மூட்டைய ஒரு கை புடி" என்றாள்.

பரவாயில்லை என்றுகூடச் சொல்லவில்லை. போச்சு என்றால் போச்சு. எவ்வளவு பெரிய மனுஷி, அவளைப் போய் நான் என்ன நினைத்தேன்.

ஜூலை 25, வெள்ளி

பிரின்ஸ் கடையில் வைத்து அவனிடமும் சாரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். பிரின்ஸ் கையிலிருந்த டேப்பைத் தூக்கி எறிந்தான். "செத்துத் தொலச்சிருந்தா நிவேதா மூஞ்சில நான் எப்படிலே முழிப்பேன், மூதி." அவன் கண் கலங்கியிருந்தது. படித்துறையிலிருந்து குளத்துக்குள் இருக்கிற கல்தூண் வரைக்கும் நீந்திக் காட்டினால்தான் இனிமேல் படகு.

சாரிடம், இந்த எட்டு வாரத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து எண்ணுங்கள் என்று கெஞ்சினேன். நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"மிச்சம் அஞ்சு வாரமும் மொதல்ல வந்தாலும் உலகம்மைக்கு எட்டாது, மகாதேவன். நானும் வருத்தப்படுதேன். ஆனா புள்ளி புள்ளிதான்."

அக்காவும் அதையேதான் சொன்னாளாம்.

ஜூலை 27, ஞாயிறு

ஆலங்குளம் மாமனார் தோட்டத்துக் கிணறு. நிவேதாவிடம் எல்லாம் சொல்லி, இரண்டு நாள் பேச்சு இல்லாமல் கிடந்து, இன்று அவளே கூட்டிவந்தாள். எம்-சீல் வைத்த அதே கேனை என் முதுகில் கட்டி, சொல்லாமல் கொள்ளாமல் பின்னாலிருந்து தள்ளிவிட்டாள்.

"கால அடிங்க. பொய் சொல்லத் தெரியுதுல்லா, கால அடிக்கத் தெரியாதா?"

நாற்பத்து மூன்று வயதில் முதுகில் கேன். மச்சினன் குமரகுரு செல்போனில் படம் எடுத்தான். எடுக்கட்டும்.

ஆகஸ்ட் 6, புதன்

கரையில் நின்று பார்த்தேன். எனக்காக யாரும் பின்தங்க வேண்டியதில்லை என்றதும் உலகம்மைக்கா எப்படிப் போகிறாள் என்பதை இன்றுதான் முழுசாகக் கண்டேன். காற்று வருவதற்கு முன்பே உடம்பு சாய்ந்துவிடுகிறது. படகு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்க, அதன் விளிம்பில் உட்கார்ந்து ஏதோ வாய்க்குள் பேசிக்கொண்டே போகிறாள். மற்ற இருவரும் எல்லைக்கு மிதக்கவிட்ட டிரம்மைச் சுற்றித் திரும்பும்போது அவள் கரையில் சேலை முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

எட்டு வாரம் இவ்வளவையும் அடக்கி வைத்துக்கொண்டு என் பக்கத்தில் ஊர்ந்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மூக்கு முழுக்கத் தண்ணீர். கேன் இல்லாமல் நாலு கை நீச்சல்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கிணற்றைச் சுற்றி ஒரு முழு வட்டம், கேன் இல்லாமல். நிவேதா கை தட்டினாள். பிறகு அவள் ஐந்து வட்டம் அடித்துக் காட்டினாள். இவளை வீட்டில் வைத்துக்கொண்டா இத்தனை வருடம் தண்ணீரைப் பார்த்து நடுங்கினேன்?

ஆகஸ்ட் 25, திங்கள்

பிள்ளையார் சதுர்த்தி ஆர்டர். நாற்பது பிளெக்ஸ். தோளெல்லாம் வலி. ழ-வை மட்டும் நானே பார்த்தேன்.

ஆகஸ்ட் 27, புதன்

காலையில் கேனை நடுவில் அறுத்தேன். இனிமேல் அது நிஜமாகவே தண்ணீர் கோரும்.

நாலு மணிக்குக் குளம். பிரின்ஸ் படகில் கூடவே வர, படித்துறையிலிருந்து கல்தூண் வரை நீந்தினேன். பாதியில் பயம் வந்தது. மல்லாந்து கெட, கைய ஆட்டாத என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தூணைத் தொட்டதும் திரும்பினால், படித்துறையில் நிவேதாவும் உலகம்மைக்காவும் கொழுக்கட்டை தின்றுகொண்டிருந்தார்கள். அக்கா கையை மட்டும் தூக்கிக் காட்டினாள்.

ஐந்து மணிக்குக் கடைசிப் போட்டி. பாய் தனக்குத்தான் என்பது தெரிந்துவிட்டதால், ஆசை தாங்காமல் சார் இன்றே கொச்சிப் பாயைக் கட்டி வந்தார். வெள்ளையாக, பார்க்க அவ்வளவு அழகு. அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தன் 'கண்ணீர்' கயிற்றை இழுத்துக் கட்டினாள்.

நல்ல காற்று. நான் கரையோரம் போகவில்லை, எல்லோரோடும் நடுவுக்கே போனேன். தண்ணீர் கறுப்பது இன்று எனக்கும் தெரிந்தது, கொஞ்சம் தாமதமாக. கொச்சிப் பாயைக் குளத்துக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு முதலில் வந்தாள் உலகம்மைக்கா. சார் இரண்டு, பிரின்ஸ் மூன்று. நான் கடைசி, வெகு தூரம் பின்னால்.

கிளம்பியதிலிருந்து கரை சேரும் வரைக்கும் அவள் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு தடவைகூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை.