ஆயில் போல்ட்டை முறுக்கியது யார்

அன்புள்ள மகளுக்கு,

நானும் உன் அம்மாவும் நலம், கார்தான் நலமில்லை. நீ நலமென்பது உன் அம்மாவின் கைபேசி வழியாக அவ்வப்போது என் காதுக்கும் வருகிறது, அதற்கு மேல் ஆசைப்பட நான் யார். அடுத்த மாதம் பதினாறாம் தேதி வருகிறாயாம், உன்னை அழைத்துவர உன் மாமா தன் புதுக் காரோடு தயாராம். அவர்தான் அதைக் கார் என்கிறார், எனக்குச் சக்கரம் வைத்த குளிர்சாதனப் பெட்டியாகத் தெரிகிறது. "அத்தான், உங்க ஓட்டை வண்டிய நம்பி புள்ளைய நடுரோட்டுல நிக்க வைக்காதீங்க" என்று என் வீட்டு நாற்காலியில் சாய்ந்து என் வீட்டுக் காப்பியைக் குடித்தபடியே சொன்னார். இதே ஓட்டை வண்டியில்தான் அவர் கார் ஓட்டப் பழகினார், அவர் மறந்திருக்கலாம், பின்கதவின் நசுங்கல் மறக்கவில்லை.

ஆகவே நானே வருவதென்று முடிவுசெய்து, எஞ்சின் ஆயிலை மாற்றலாமென்று ஞாயிறு காலை வண்டிக்கு அடியில் படுத்தேன். ஆயிலை வடிக்க அடியில் ஒரு போல்ட் இருக்குமே, சின்ன வயதில் நீ வண்டியின் தொப்புள் என்பாயே, அதுதான். ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் போல்ட் அசையவில்லை, அதன் தலை மட்டும் ஆறு முனையும் மழுங்கி உருண்டையாகிவிட்டது. சற்றுச் சிறிய ஸ்பேனரைச் சுத்தியலால் அடித்து ஏற்றினேன், அது போல்ட்டை விட்டுவிட்டு என் விரல் முட்டியைப் பெயர்த்தது. உன் அம்மா பிளாஸ்திரியோடு வந்து, மெக்கானிக்கை அப்பவே கூப்பிட்டிருந்தா இதாவது மிஞ்சியிருக்கும் என்றாள். ஆறுதல் சொல்வதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. இது யார் வேலை என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. போன வருஷம் உன் மாமா வண்டியை இரண்டு நாள் இரவல் வாங்கிப்போய், "எல்லாத்தையும் செக் பண்ணிட்டேன் அத்தான்" என்று பெருமையாகத் திருப்பித் தந்தாரே, அவர் செக் பண்ணிய லட்சணம் இதுதான் என்று அவருடைய அக்காவிடம் சொன்னேன். அவர் வீடு மூன்று தெரு தள்ளி இருப்பதால் கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.

தெருமுனை மெக்கானிக் வந்தார், பேசுவதைவிடப் பெருமூச்சு விடுவது அவருக்கு அதிகம். மழுங்கிய தலைமேல் ஒரு நட்டை வெல்டிங் வைத்து அதைப் பிடித்துத் திருகினார். போல்ட் வந்தது, ஆனால் துளைக்குள் இருந்த திருகு மரையையும் சுருள் சுருளாக உரித்துக்கொண்டு வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "சார், இத கடைசியா முறுக்கினவருக்கு போல்ட்டு மேல கோபமில்ல, வேற யாரு மேலயோ. ஸ்பேனர்ல பைப்பைச் சொருகி ஏறி மிதிச்சிருக்காரு" என்றார். ஆமாம், சிலருக்கு நிதானமே கிடையாது என்று நான் மாமா புராணத்தைத் தொடங்குவதற்குள் உன் அம்மா வாசற்படியில் நின்றே, "என் தம்பி டயருக்குக் காத்து மட்டுந்தான் அடிச்சான். நம்ம பொண்ணு ஊருக்குப் போன அன்னிக்கு, ஏர்போர்ட்லேருந்து திரும்பி வந்ததும் சாப்பாடுகூட வேணாம்னு ஆயில் மாத்தப் போய் வண்டிக்கடியில படுத்தது யாரு? கொல்லையில கிடந்த பைப்பை எடுத்துட்டுப் போனது யாரு?" என்றாள். மெக்கானிக் அப்போது மட்டும் பெருமூச்சு விடவில்லை, நாகரிகம் தெரிந்தவர்.

யோசித்துப் பார்த்தேன், அன்றுதான். நீ அந்த வெளியூர் வேலையை ஏற்றுக்கொண்டதைப் பற்றி வழிநெடுக நான் உதிர்த்த முத்துகள் உனக்கு நினைவிருக்கும். பெட்டியை நீயே இறக்கினாய், நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன், இறங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் எதையாவது முறுக்க வேண்டியிருந்தது. இதை உன் மாமாவிடம் சொல்லித் தொலைக்காதே. மெக்கானிக் துளையைப் பெரிதாக்கிப் புது மரை வெட்டி, அதற்கேற்ற பெரிய போல்ட்டும் செம்பு வாஷரும் போட்டார். கையால் திருகி, கடைசியில் ஸ்பேனரால் கால் சுற்று, அவ்வளவுதான். இதுக்கு மேல யாரும் தொட வேணாம் என்று என்னைப் பார்த்தே சொன்னார். நாலு நாளாக அடியில் அட்டை விரித்துப் பார்க்கிறேன், ஒரு சொட்டு இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. மாமாவின் யோசனைகளில் பாதியை மட்டும் கேள், எந்தப் பாதி என்று நான் சொல்கிறேன். எந்தக் குறையும் உன்னை அண்டாமல் நல்லபடியாக இரு. விமான எண்ணை அம்மாவுக்கு அல்ல, எனக்கு அனுப்பு. பதினாறாம் தேதி ஓட்டை வண்டி விமான நிலைய வாசலில் நிற்கும். உன் பெட்டியை நீ தொட வேண்டாம், இந்தத் தடவை நான் இறங்குகிறேன்.

உன்னைவிட அந்தப் போல்ட்டைப் பற்றியே அதிகம் கவலைப்படும்,
உன் அப்பா