படலைக்கு வெளியே ஒரு சொல்

டிசம்பர் 17
புழுக்கம். இந்தத் தீவில் டிசம்பர் கோடை; எங்கள் ஊர் போ பசானில் இலை அசையவில்லை. லிச்சிப் பழம் வாங்கவில்லை, யார் தின்ன?

கோயில் பாட்டுத்தாளின் முகப்பில் ‘நத்தார் வாழ்த்து’ என்று எழுதிக் கொடுத்தேன். தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கும் புதுப் பாதிரியாருக்கு விளங்கவில்லை. “நாங்க கிறிஸ்துமஸ்னுதான் சொல்லுவோம். இது என்ன சொல்லும்மா?” யாழ்ப்பாணத்தில் எல்லோரும் சொல்வது, சுத்தத் தமிழ் என்றேன். கன்னியர் மடத்தில் படித்தவளிடம் கேள்வி!

டிசம்பர் 19
மழை. முழங்கால் வலி. பாதிரியார் தடித்த அகராதியோடு வந்தார். போர்த்துக்கீசச் சொல்லாம். நத்தால். அதற்கும் முன் லத்தீன், ‘நத்தாலிஸ்’, பிறப்பு. பறங்கியர் நம் கரையில் இறக்கிவிட்டுப் போனது. எழும்பும்போது சிரித்தார்: “பிரெஞ்சுல கிறிஸ்துமஸை நோயெல்ங்கிறாங்களே, அதுவும் அதே லத்தீன்லேர்ந்துதான். ரெண்டும் அக்கா தங்கச்சிம்மா.” நான் சிரிக்கவில்லை.

மடத்தில் எட்டு வருடம் லத்தீனில் பாடினேன். ஒரு நாளும் உறைக்கவில்லை.

டிசம்பர் 20
வெயில். எழுதித்தான் ஆக வேண்டும். என் வீட்டு வழக்கம்: நத்தாரன்று வருகிறவர் ‘நத்தார் வாழ்த்து’ சொன்னால்தான் வாசலில் இருக்கும் இரும்புப் படலை திறக்கும். போன வருடம் பேத்தி சில்வி, ஐந்து வயது, “ஜ்வாயே நோயெல்!” என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள். இரவல் சொல்லுக்குப் படலை திறக்காது என்றேன். வெயிலில் நின்றாள். என் சொல் வாயில் வரவில்லை. அழுதாள். மருமகள் லிசெத் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். மகன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பின்னால் போனான்.

அதன்பின் ஒருவரும் வரவில்லை.

என் மனுசன் உயிரோடு இருந்திருந்தால் திறந்திருப்பார்.

டிசம்பர் 22
செய்ய: திரைச்சீலை. பல் டாக்டர். போன்.
திரைச்சீலை மட்டும் ஆயிற்று. போனை மூன்று தடவை எடுத்து வைத்தேன்.

டிசம்பர் 23
லிசெத்தே எடுத்தாள். ஸ்வெட்டர் ஃபாக்டரியில் ஓவர்டைம், குரல் கம்மியிருந்தது. “வுய், மாமி.” ஆம் என்பதோடு சரி. இத்தீவுப் பேச்சான கிரியோல் எனக்கு மோசம். பிழை என்னுடையது என்றேன்.

“கி ஃபோட்?” எந்தப் பிழை என்கிறாள். சொல்ல வைக்கிறாள். சொன்னேன், முழுவதும்; என் சொல்லும் இரவல்தான் என்பது உட்பட.

ரேடியோச் சத்தத்தைக் குறைத்தாள். பிறகு: “சில்வி கேட்கிறாள், மாமி. படலையில் என்ன சொல்ல வேண்டுமாம்?”

ஒன்றும் வேண்டாம், திறந்தே இருக்கும் என்றேன்.

லிச்சி வாங்கினேன், இரண்டு கொத்து. படலைக் கொண்டி துருவேறித் திறக்கும்போது பிடிக்கிறது. எண்ணெய்.