மேஜைக்கு அடியில் மூன்று நாள்

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே என் முழங்கால் இரண்டையும் இடுப்பையும் தவிர மற்ற எல்லோரும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன், நினைக்கத்தான் முடியும், ஏனென்றால் நீ போன் பண்ணுவது உன் அம்மாவுக்கு, நான் பக்கத்து அறையில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பதோடு சரி.

உன் அம்மா எழுதிய குழந்தைகள் புத்தகம் வந்ததும் வந்தது, என் நிம்மதி போயிற்று. பதிப்பகத்துப் பெண் வீட்டுக்கு வந்து, ஒன்பது ஸ்கூல், நாலு புத்தகக் கடை, பன்னிரண்டே நாள்ல சுத்திட்டு வந்துடலாம் ஆன்ட்டி, அங்கிள்தான் கார் ஓட்டுவாரே என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரிட்டயர் ஆனவன் என்றால் ஊருக்கே டிரைவர் போலிருக்கிறது. பெட்டி தூக்குவது நான், பேனர் கட்டுவது நான், மைக் கரகரத்தால் ஆளைத் தேடி ஓடுவதும் நான். உன் அம்மாவோ கையெழுத்துப் போட்டோமா கிளம்பினோமா என்று இல்லாமல் வரிசையில் நிற்கும் ஒவ்வொரு பிள்ளையிடமும் வீட்டில் பூனை உண்டா, எந்தப் பல் விழுந்தது என்று விசாரித்துத்தான் பேனாவைத் திறப்பாள். இரண்டாவது கடையில் கடைக்காரர் மதியச் சாப்பாட்டுக்காக ஷட்டரைப் பாதி இறக்கிப் பிடித்துக்கொண்டே நின்றார். பாவம், ஒற்றை ஆளாகக் கடை நடத்துகிறவர், அவருக்கும் பசிக்காதா. நீயாவது அங்கே வேளைக்குச் சாப்பிடு.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன், பொறுக்க முடியாதது புத்தகத்தின் கடைசிப் பக்கம். நீ படித்தாயோ என்னவோ. எட்டு வயதில் உன் சின்ன சைக்கிளை உன்னைக் கேட்காமல் என் ஆபீஸ்காரர் மகனுக்குத் தூக்கிக் கொடுத்தேன் என்று, பள்ளிப் பையில் இரண்டு சட்டையை அடைத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜைக்கு அடியில் குடி போனாயே, அதுதான் கதை. மூன்று நாள் நீ அங்கேயே தூங்கியது, உன் அக்கா தரையோடு தட்டைத் தள்ளிவிட்டது எல்லாம் நடந்தது நடந்தபடி. ஆனால் கடைசியில் அப்பா தவழ்ந்து உள்ளே போய்ப் பையன் பக்கத்தில் படுத்துக்கொள்கிறார், பையன் சிரித்துவிடுகிறான் என்று முடித்திருக்கிறாள். மீசையோடு படம் வேறு. ஏன் இப்படிப் புளுகினாய் என்று கேட்டால், பிள்ளைங்க கதை அப்படித்தான் முடியணும் என்கிறாள்.

அதன் பலனை ஆறாவது பள்ளிக்கூடத்தில் அனுபவித்தேன். தலைமையாசிரியை மேடையில் மேஜை போட்டு, நீளமாகத் துணி விரித்து, கதையில வர்ற அப்பாவே வந்திருக்கார், இப்ப உள்ள போய்க் காட்டுவார் என்று மைக்கில் சொல்லிவிட்டார். முந்நூறு பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். உன் அம்மா என் பக்கமே திரும்பாமல் கண்ணாடியைத் துடைக்கிறாள். போனேன். போனதும் போனேன், இடுப்பு பிடித்துக்கொண்டது, திரும்ப வர முடியவில்லை. விளையாட்டு ஆசிரியரை அழைத்துவர ஆள் ஓடியது. அதற்குள் முன்பல் இரண்டும் இல்லாத ஒரு வாண்டு துணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து, தாத்தா, அன்னிக்கு உள்ள போய் அவன்கிட்ட என்ன சொன்னீங்க, புத்தகத்துல அது இல்லையே என்று கேட்டது.

நான் என்னத்தைச் சொல்ல. அன்று நான் உள்ளே வந்திருந்தால்தானே. மூன்று நாளும் வெளியே நின்று, யாரும் கெஞ்ச வேணாம், தானா வருவான் என்று சத்தம் போட்டவன் நான். நாலாம் நாள் நீயே வந்தாய், ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று உன் அம்மா என்னைச் சொல்வது சும்மா இல்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் உன்னைக் கேட்காமல் என் சிநேகிதர் கம்பெனியில் உனக்கு வேலை பேசி முடித்து, நீ மாட்டேன் என்றதும் கத்தி, நீ பெட்டியோடு படியிறங்கியபோதும் அதையேதான் சொன்னேன், தானா வருவான் என்று. இரண்டு தடவையும் தப்பு என்னுடையது. இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

இன்னும் சொல்லலைம்மா, இனிமேதான் சொல்லணும் என்றேன் அந்த வாண்டிடம். அது என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சீக்கிரம் சொல்லிடுங்க தாத்தா, பெல் அடிச்சிடும் என்றது.

இன்னும் ஒரு கடைதான் பாக்கி, அதோடு சுற்றுப்பயணம் முடிகிறது. மறுநாளே கிளம்பி உன்னிடம் வந்துவிடலாம் என்று டிக்கெட் எடுக்கப் போனேன், பாதியில் நிறுத்திவிட்டேன். இந்தத் தடவையாவது உன்னைக் கேட்டுவிட்டுச் செய்கிறேன். நான் அங்கே வரலாமா? பதிலை அம்மாவிடம் சொல்லி அனுப்பாதே, என் நம்பருக்கே கூப்பிடு, மாற்றவில்லை, பழைய நம்பர்தான். எங்கிருந்தாலும் ஒரு குறையும் இல்லாமல் இரு.

ஆசிகளுடன்,
உன் அப்பா